ஆமைக்குஞ்ச தூக்கிட்டுப் போய் கடல்லயே விட்டா என்ன? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பெசன்ட் நகர் பீச்சுல ஆமைக்குஞ்சு விடற போட்டோ ஒண்ணு போட்டிருந்தோம். அதுக்கு வந்த லெட்டர், வாட்ஸ்அப் எல்லாம் சேத்துப் பாத்தா இந்த வாரம் வேற எதுக்கும் இடமே இல்லைனு ஆயிடுச்சு. சினிமா கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல கண்டிப்பா.

கேள்வி: என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கறா. குஞ்சு விடறதப் பாக்க கூட்டிட்டுப் போனோம். அந்த வாலண்டியர் பசங்க தண்ணிக்கு கொஞ்சம் முன்னாடியே மண்ணுல விட்டுட்டாங்க. அதுங்க தத்தித் தத்திப் போகுது, ஒண்ணு ரெண்ட அலை தூக்கி திரும்ப கரையிலயே போட்டுருச்சு. "ஏம்மா, கையில தூக்கிட்டுப் போய் தண்ணியில விட்டா என்ன, இல்ல போட்ல ஏத்தி நடுக்கடல்ல விட்டா காக்கா நாய் பயமே இல்லையே"னு கேக்கறா. என்ன சொல்றது?
– பெருங்குடி வாசகி

பதில்: உங்க பொண்ணு கேட்ட கேள்விய பெரியவங்களே கேக்க கூச்சப்பட்டுட்டு மனசுக்குள்ள வச்சிருப்பாங்க, அதனால இதுக்கு கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன்.

நம்ம கரையில பாக்கற பங்குனி ஆமையோட (இங்கிலீஷ்ல ஆலிவ் ரிட்லி) குஞ்சு மொத்தமே நாலு சென்டிமீட்டர் தான், உள்ளங்கையில வச்சா பாதி இடம் கூட அடைக்காது. ஆனா அது மண்ணுக்கு மேல தலைய நீட்டறதுக்கு முன்னாடியே நிறைய வேலை பாத்திருக்கு. மூக்கு நுனியில இருக்கற குட்டிப் பல்லு மாதிரி ஒண்ண வச்சு முட்டைய கிழிக்கும், அப்புறம் ஒண்ணரை அடி ஆழத்துலேருந்து நூறு குஞ்சும் ஒண்ணா சேந்து ரெண்டு மூணு நாள் மண்ணத் தள்ளித் தள்ளி மேல வரும். மேல் மண்ணு சூடா இருந்தா பகல்னு தெரிஞ்சுக்கிட்டு அப்படியே நின்னுடும், ராத்திரி மண்ணு குளுந்ததும் தான் கிளம்பும். ஹேச்சரில, அதாவது முட்டைய எடுத்துட்டு வந்து புதைச்சு காவல் காக்கற வேலி போட்ட இடத்துல, இருக்கற பசங்க மண்ணு லேசா உள்வாங்கி குழி விழுந்தாலே இன்னிக்கோ நாளைக்கோ வந்துரும்னு சொல்லிடுவாங்க.

வெளிய வந்ததும் அதுக்கு வழி காட்டறது வெளிச்சம். இயற்கையான கரையில ராத்திரி நேரம் கரைப்பக்கம் மணல் மேடு, செடி, மரம்னு இருட்டா உசரமா தெரியும், கடல்பக்கம் அடிவானம் தாழ்வா வெளுப்பா தெரியும். இருட்டுக்கு முதுக காட்டிட்டு வெளுப்பப் பாத்து நடக்கும், அவ்வளவுதான் அதோட கணக்கு. தண்ணில கால் வச்சதும் கணக்கு மாறும், இப்ப அலை எந்தப் பக்கத்துலேருந்து வருதோ அதுக்கு நேரா நீந்தும், அலைய எதுத்துப் போனா கடலுக்குள்ள தான் போறோம்னு அர்த்தம். கரைய விட்டு தள்ளிப் போனப்புறம் பூமியோட காந்தப்புலத்த வச்சு திசையப் பிடிச்சுக்கும். அமெரிக்காவுல கென்னத் லோமன்ங்கற விஞ்ஞானி பெருந்தலை ஆமைக் குஞ்சுகள தண்ணித் தொட்டில விட்டு, சுத்தி மின்கம்பிச் சுருள் வச்சு காந்தப்புலத்த மாத்தி மாத்தி வச்சு இத நிரூபிச்சாரு. புலத்த திருப்பினா குஞ்சும் திரும்புது! பொறந்த கரையோட காந்த அடையாளமும் அப்பவே உள்ள பதிஞ்சுடும்னும், பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு பொண்ணு ஆமை அதே கரைப்பக்கம் முட்டை போட வர்றதுக்கு அதுதான் காரணம்னும் ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க.

இப்ப யோசிங்க, கையில தூக்கி தொபுக்குனு தண்ணில போட்டா இந்த வரிசை எல்லாம் பாதில அறுந்து போகுது. அதான் தண்ணிக்கு சில அடி முன்னாடி ஈர மண்ணுல விடறாங்க. அலை திருப்பிப் போட்டுச்சேனு உங்களுக்கு மனசு பதறும், எனக்கும் பதறும், ஆனா அந்தக் குஞ்சு குப்புற விழுந்து, துடுப்ப ஊணி நிமிந்து, மறுபடி அதே பக்கம் தான் போகும், அடுத்த அலையோ அதுக்கடுத்த அலையோ கூட்டிட்டுப் போயிடும். மல்லாந்து கிடந்து எழுந்திரிக்கவே முடியலைனா மட்டும் வாலண்டியர் மெல்ல திருப்பி விடுவாங்க, அது அவங்க வேலை, நாம ஓடிப் போகக் கூடாது. இருட்டுல கால் எங்க வைக்கறோம்னே தெரியாது, கூட்டத்துல குஞ்சு மேல மிதிபடற ஆபத்து தான் பெருசு. கயிறு கட்டி அதுக்குப் பின்னாடி நில்லுங்கனு அதட்டறாங்களே, அது இதுக்குத்தான்.

அடுத்து, படகுல கொண்டு போய் விடற விஷயம். முட்டையோட மஞ்சக்கரு கொஞ்சம் குஞ்சு வயித்துல மிச்சம் இருக்கும், கையில கட்டிக் குடுத்த கட்டுச்சோறுனு வச்சுக்கோங்களேன். அந்த தெம்புல முதல் ஒரு நாள் நிக்காம நீந்தி, மீன் கூட்டம் அதிகமா இருக்கற கரையோரத்த தாண்டிரும். அதுக்குத் தேவை படகு இல்ல, வந்த உடனே விடறது தான். வாளியில வச்சு வேடிக்கை காட்டிட்டு காலைல விட்டா அந்த தெம்பு வாளியிலயே தீந்துடும். நல்ல ஹேச்சரிகள்ல தினம் ஒரே இடத்துல விட மாட்டாங்க, இடத்த மாத்துவாங்க, ஏன்னா தினம் ஒரே நேரம் ஒரே இடம்னா மீனுங்களுக்கு பழகிடும், வந்து காத்துட்டு இருக்கும்.

பொண்ணுகிட்ட இவ்வளவும் சொல்ல வேணாம். "அதுக்கு வழி தெரியணும்னா அதுவே நடக்கணும்"னு சொல்லுங்க, ரெண்டாங்கிளாஸுக்கு அது போதும்.

கேள்வி: ஈசிஆர்ல கடல் பக்கம் ஃப்ளாட்ல இருக்கோம். போன மாசம் விடிகாலைல வாட்ச்மேன் கூப்பிட்டு, கார் பார்க்கிங்ல குட்டி ஆமைங்க இருக்குனாரு. அஞ்சாறு இருந்துச்சு, ரெண்டு செத்துப் போச்சு. ஒருத்தர் பக்கெட்ல தண்ணி புடிச்சு போட சொன்னாரு, இன்னொருத்தர் உப்பு கலக்க சொன்னாரு. இன்னொரு தடவை வந்தா என்ன பண்றது சார்?
– கொட்டிவாக்கம் வாசகர்

பதில்: முதல்ல பக்கெட் வேணாம், உப்பும் வேணாம். தண்ணில போட்டா நீந்த ஆரம்பிச்சிரும், மேல சொன்ன அந்த தெம்பு வீணாப் போகும். ஒரு டப்பாவோ அட்டைப்பெட்டியோ எடுத்து அடில ஈர மண்ணு போட்டு, குஞ்சுகள வச்சு, மேல ஒரு துணிய லூசா மூடி இருட்டா வைங்க. ஏசி ரூம்ல வைக்காதீங்க. உடனே வனத்துறைக்கு போன் பண்ணுங்க, பக்கத்துல ஹேச்சரி இருந்தா அங்க சொல்லுங்க. நம்பர இப்பவே தேடி வாட்ச்மேன் ரூம் சுவத்துல எழுதி ஒட்டிடுங்க, விடிகாலை நாலு மணிக்கு யாரும் தேடிட்டு இருக்க முடியாது. பிள்ளைங்க கேக்கறாங்கனு ஒண்ண மட்டும் மீன் தொட்டில வச்சு வளக்கலாம்னு தோணும், தயவு செஞ்சு வேணாம், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல கடல் ஆமை முதல் அட்டவணைல இருக்கு, புலி இருக்கற அதே அட்டவணை.

இப்ப நீங்க கேக்காத கேள்விக்கு வர்றேன். அதுங்க ஏன் உங்க பார்க்கிங்குக்கு வந்துச்சு? உங்க லைட்டு. வெளுப்பா இருக்கற பக்கம் கடல்னு நம்பி நடக்கற குஞ்சுக்கு உங்க காம்பவுண்டு மேல எரியற வெள்ளை எல்.இ.டி. தான் கடலு. அது ரோட்டு வரைக்கும் கூட நடக்கும், டயர்ல மாட்டும், இல்லைனா விடிஞ்சப்புறம் வெயில்ல காஞ்சு சாகும், காக்கா தூக்கும். சுவத்தோரம் செத்துக் கிடந்த அந்த ரெண்டும் கடலுக்குத் தான் போயிட்டிருக்கோம்னு நெனச்சுட்டே வந்திருக்கும்.

சென்னையில கடற்கரை ஹைமாஸ்ட் லைட்ட சீசன்ல ராத்திரி அணைக்கறாங்க, அது பல வருஷம் வாலண்டியருங்க நடையா நடந்து வாங்கின விஷயம். ஆனா கவர்மென்ட் லைட்ட அணைச்சா மட்டும் போதுமா, பங்களா லைட்டு, ரிசார்ட் லைட்டு, மொட்டை மாடி பார்ட்டி லைட்டு எல்லாம் அப்படியே எரியுதே. உங்க அசோசியேஷன் மீட்டிங்ல இத எடுங்க: ஜனவரிலேருந்து மே வரைக்கும் கடலப் பாத்த லைட்டு ராத்திரி ஆஃப். பாதுகாப்புக்கு வேணும்னு சொல்றவங்களுக்கு, பல்ப கீழ்நோக்கி மூடி போட்டு, வெள்ளைக்கு பதிலா மஞ்சள் கலந்த ஆம்பர் கலரோ சிவப்போ மாட்டலாம், அந்த நிறம் குஞ்சுகள அந்த அளவுக்கு இழுக்காது. செலவு கம்மி. பார்க்கிங் சண்டைய விட சீக்கிரம் முடியும்னு நம்பறேன்.

கேள்வி: ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுனு எங்க மாமியார் சொல்லி பேரன ஆமைக்குஞ்சு பாக்க அனுப்ப மாட்டேங்கறாங்க.
– குரோம்பேட்டை வாசகி

பதில்: மாமியார்கிட்ட சொல்லுங்க, இங்க ஆமை வீட்டுக்கு வரல, நாம தான் அது வீட்டுக்குப் போறோம். அமீனா பத்தி அவங்க சொல்றது இப்பவும் கரெக்ட் தான்.

கேள்வி: நான் மீனவ குடும்பம். எங்க தாத்தா காலத்துல பங்குனி ஆமை முட்டைய எடுத்துத் தின்னுருக்காங்க, யாரும் கேக்கல. இப்ப எங்க குப்பத்துல ஆமை செத்து ஒதுங்கினா டிவிக்காரன் வந்து எங்க மூஞ்சிக்கு நேரா மைக்க நீட்டறான். நாங்க ஃபைபர் போட்டுல போறோம் சார், ஆமைய கொல்றது யாருனு எல்லாருக்கும் தெரியும். குஞ்ச கடல்ல விட்டு போட்டோ எடுக்கறவங்க அத ஏன் கேக்க மாட்டேங்கறாங்க?
– சென்னைக்குத் தெக்க ஒரு மீனவ குப்பத்துலேருந்து, பேர் வேணாம்னு எழுதினவர்

பதில்: தம்பி, கோவம் நியாயமானது. இந்த வாரம் வந்த லெட்டர்லயே உங்களோடத தான் ரெண்டு தடவை படிச்சேன்.

2025 ஜனவரில சென்னையிலேருந்து செங்கல்பட்டு கரை வரைக்கும் செத்து ஒதுங்கின ஆமை ஆயிரத்துக்கும் மேல. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாவே வழக்கு எடுத்துச்சு. கண்ணு பிதுங்கி, கழுத்து வீங்கி கிடந்ததுனு பேப்பர்ல போட்டாங்களே, அது மூச்சு முட்டி செத்த அடையாளம். ஆமை மீன் இல்ல, நுரையீரல் இருக்கற பிராணி, மேல வந்து மூச்சு விட்டே ஆகணும். விசைப்படகோட இழுவலைல மாட்டிட்டு மணிக்கணக்கா அடியில இழுபட்டா தப்பிக்க முடியாது. திருக்கை வலை மாதிரி பெரிய கண்ணு செவுள் வலையும் கொல்லும், அதையும் சொல்லிடணும், ஆனா எண்ணிக்கைல பெரிய பங்கு இழுவலைக்குத் தான்.

சட்டம் என்ன சொல்லுதுனா, 1983 தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலேருந்து அஞ்சு கடல் மைல், அதாவது சுமார் ஒம்பது கிலோமீட்டருக்குள்ள விசைப்படகு இழுவலை போடவே கூடாது. அந்தப் பட்டை உங்கள மாதிரி சின்ன போட்டுக்காரங்களுக்குனு ஒதுக்கினது. முட்டை போட வர்ற ஆமையும் கரைய ஒட்டி அந்தப் பட்டைக்குள்ள தான் வாரக்கணக்கா சுத்தும். ஆக அந்த ஒரு விதிய ஒழுங்கா அமல்படுத்தினா உங்க மீனும் பிழைக்கும் ஆமையும் பிழைக்கும், இதுல ஆமைக்கும் மீனவனுக்கும் சண்டையே கிடையாது. சண்டை மூட்டி விடறது மைக்க தப்பான ஆளுகிட்ட நீட்டறவங்க.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாளா உறுத்தறது. கிழக்குக் கரைல 61 நாள் மீன்பிடி தடை ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும். மீன் குஞ்சு பொரிக்கற காலத்த வச்சு போட்டது. ஆனா தாய் ஆமை கரைக்கு வர்றது ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு. கடைசியில வர்ற குஞ்சுங்களுக்கு காலியான கடல் கிடைக்குது, அதுங்களோட அம்மாவுக்கு கிடைக்கல. ஒரு குஞ்சு பெரிய ஆமையா ஆக பத்து வருஷத்துக்கு மேல ஆகும், ஆயிரத்துல ஒண்ணு தான் அந்த வயச எட்டும்னு பொதுவா சொல்வாங்க, அப்ப ஒரு தாய் ஆமை வலைல போச்சுன்னா நாம எத்தன கூடை குஞ்சு விட்டு ஈடு கட்டறதுனு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

ஆமை தப்பிக்கற கருவினு ஒண்ணு இருக்கு, டெட்னு சொல்வாங்க. வலைக்கு நடுவுல சாய்வா ஒரு கம்பிச் சட்டம், மேல ஒரு வாசல். இறால் கம்பி வழியா உள்ள போயிடும், ஆமை கம்பில மோதி வாசல் வழியா வெளிய போயிடும். கொச்சியில இருக்கற மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் நம்ம வலைக்கு ஏத்த மாதிரி அத செஞ்சே குடுத்துச்சு. விசைப்படகுக்காரங்க மாட்ட மாட்டேங்கறாங்க, ஏன்னா பெரிய மீனும் கொஞ்சம் அந்த வாசல் வழியா போயிடுதுனு. அவங்களுக்கும் டீசல் கடன் இருக்கு, சும்மா திட்டிட முடியாது. ஆனா இதே காரணத்தால 2019லேருந்து இந்தியக் கடல்ல பிடிச்ச இறால அமெரிக்கா வாங்கறதில்ல, வளர்ப்பு இறால் மட்டும் தான் போகுது. அந்த நஷ்டம் யாரு தலைல விழுதுனு பாத்தா டெட் விலை ஒண்ணுமே இல்ல.

போட்டோ எடுக்கறவங்க பத்தி கேட்டீங்க. அதுல பாதி பேரு உங்க ஆளுங்க தான் தம்பி. ராத்திரி முட்டை தேடி நடக்கறதுலயும் ஹேச்சரிய காவல் காக்கறதுலயும் குப்பத்துப் பசங்க நிறைய பேர் இருக்காங்க, நீலாங்கரைப் பக்கம் 2002ல ஆரம்பிச்ச ட்ரீ ஃபவுண்டேஷன் மீனவ இளைஞருங்கள வச்சுத் தான் வேலையே பாக்குது. தாத்தா முட்டை எடுத்தாருனு வெக்கப்பட வேணாம், தடம் பாத்து முட்டை எங்க இருக்குனு கண்டுபிடிக்கற அந்த வித்தை அவருகிட்டேருந்து தான் எல்லாருக்கும் வந்துச்சு. தாய் ஆமை முட்டை போட்டு மூடிட்டு, உடம்ப தூக்கித் தூக்கி அடிச்சு மண்ண இறுக்கிட்டு, சுத்தி மண்ண வாரி இறைச்சு இடத்த மறைச்சுட்டுப் போயிடும். எல்லாம் ஒரே மாதிரி தெரியற அந்த மண்ணுல கம்பிய சொருகி, எங்க பொதபொதனு இறங்குதோ அங்க தோண்டறது காலேஜ்ல சொல்லிக் குடுக்கற பாடம் இல்ல.

கேள்வி: இயற்கையா மண்ணுல இருக்கற முட்டைய நோண்டி எடுத்து வேற இடத்துல புதைக்கறது தப்பில்லையா? கோடிக்கணக்கான வருஷமா ஆமைக்கு ஹேச்சரி இருந்துச்சா?
– திருச்சி வாசகர்

பதில்: இல்ல தான். தெருநாயும் கடற்கரை ரோடும் கூட இல்ல.

முட்டைய போட்ட இடத்துலயே விடறது தான் முதல் தரமான வழி, இதுல யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஒடிசால ருஷிகுல்யா ஆத்து முகத்துவாரத்துல லட்சக்கணக்குல ஆமை ஒரே வாரத்துல வந்து முட்டை போடும், அங்க யாரு தூக்கி எங்க புதைக்கறது? அங்க வேலி போட்டு, நாய் நரி வராம பாத்துக்கிட்டு, குஞ்சு வெளிய வர்ற ராத்திரி ஊர்க்காரங்களே வந்து நின்னு, லைட்டு பக்கம் திசை மாறிப் போறதுகள பொறுக்கி தண்ணிப்பக்கம் கொண்டு வந்து விடறாங்க. அந்தக் கரை ஆமை கூட்டம் கூட்டமா வர்ற இடம்னு வெளி உலகத்துக்கு தெரிஞ்சதே 1994ல தான்.

சென்னை கதை வேற. இங்க முட்டைய விட்டுட்டு வந்தா விடியறதுக்குள்ள நாய் தோண்டிடும். அதுல தப்பினா கடலரிப்பு, அதுல தப்பினா வண்டி, எல்லாத்துலயும் தப்பி பொரிஞ்சா லைட்டு. அதனால வேற வழி இல்லாம தூக்கறாங்க. 1970கள்லயே சென்னை பாம்புப் பண்ணை ஆளுங்க, ரோமுலஸ் விட்டேகரோட குழு, ராத்திரி நடந்து முட்டை எடுத்து முதல் ஹேச்சரி போட்டாங்க. அதுல இருந்தவர் தான் சதீஷ் பாஸ்கர், ஐஐடி படிச்சவரு, அப்புறம் இந்தியாவோட கடற்கரை பெரும்பகுதிய கால்நடையா நடந்து எங்கெங்க ஆமை வருதுனு குறிச்சவரு. 1982ல லட்சத்தீவுல ஆள் இல்லாத சுஹேலி தீவுல மழைக்காலம் முழுக்க தனியா தங்கி ஆமை பாத்தாரு, பொண்டாட்டிக்கு லெட்டர் எழுதி பாட்டில்ல அடைச்சு கடல்ல போட்டாரு, அது இலங்கைல ஒரு மீனவர் கைல கிடைச்சு அவரு தபால்ல அனுப்பி வச்சாரு! பேச்சுவாக்குல எங்கயோ போயிட்டேன். 1980கள் கடைசில காலேஜ் பசங்க சேந்து மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்புனு ஆரம்பிச்சாங்க, பெசன்ட் நகர்ல நீங்க பாக்கற ஹேச்சரி அவங்களோடது. வனத்துறையும் கரை நெடுக நிறைய நடத்துது, 2024 சீசன்ல தமிழ்நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேல குஞ்சு கடலுக்குப் போச்சு.

ஆனா தூக்கறதுல ஒரு முறை இருக்கு, அத தப்பா பண்ணா உங்க சந்தேகம் உண்மையாயிடும். பிங்பாங் பந்து மாதிரி வெள்ளையா மெத்துனு இருக்கற அந்த முட்டைய போட்ட சில மணி நேரத்துக்குள்ள எடுத்துடணும். அதுக்கப்புறம் உள்ள இருக்கற கரு ஓட்டோட ஒட்டிக்கும், அப்ப உருட்டினா, தலைகீழா ஆச்சுனா செத்துடும். எடுத்த குழி எவ்வளவு ஆழமோ அதே ஆழத்துல, வாய் குறுகலா அடி அகலமா ஹேச்சரில குழி வெட்டி, பழைய குழியோட ஈர மண்ணையும் கொஞ்சம் சேத்துப் போட்டு, தேதி, முட்டை எண்ணிக்கை எழுதின சின்னப் பலகை நடுவாங்க. 45லேருந்து 60 நாள். நாள் நெருங்கினதும் அடி இல்லாத மூங்கில் கூடைய கவுத்து வைப்பாங்க, வெளிய வர்ற குஞ்சு அங்க இங்க ஓடாம இருக்கும். எல்லாம் போனப்புறம் குழிய தோண்டி வெறும் ஓடு எத்தன, பொரியாதது எத்தனனு எண்ணி எழுதிக்குவாங்க.

வெயில் இன்னொரு தலைவலி. ஆமைக்கு ஆணா பொண்ணாங்கறத முடிவு பண்றது மண்ணோட சூடு. 29, 30 டிகிரி வாக்குல இருந்தா கலந்து வரும், 32க்கு மேல போனா கிட்டத்தட்ட எல்லாம் பொண்ணு, இன்னும் ஏறினா முட்டையே அவிஞ்சு போகும். சீசன் கடைசில, மார்ச்சு ஏப்ரல்ல வைக்கற முட்டைக்கு மேல சில இடத்துல பந்தல் போட்டு நிழல் குடுக்கறது இதுக்காகத்தான். அலங்காரத்துக்கு போட்டதுனு ஒருத்தர் என்கிட்ட சொன்னாரு.

கேள்வி: முட்டை போடறப்போ ஆமை அழும்னு சொல்றாங்களே, பிரசவ வலியா?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: வலி இல்லம்மா, உப்பு. கடல் தண்ணியோட உள்ள போற உப்ப வெளிய தள்ள கண்ணுக்குப் பக்கத்துல சுரப்பி இருக்கு. கடல்லயும் அது எந்நேரமும் வடிஞ்சுக்கிட்டுத் தான் இருக்கும், கரைக்கு வந்தா தான் நம்ம கண்ணுக்குத் தெரியுது.

கேள்வி: இலங்கை டூர் போறோம். தெக்குப் பக்கம் காலி போற வழில காசு குடுத்தா நம்ம கையாலயே ஆமைக்குஞ்ச கடல்ல விடலாமாம், பகல்லயே. போலாமா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: கொஸ்கொடை பக்கம் சொல்றீங்க, அங்க தனியார் ஹேச்சரி நிறைய இருக்கு. நல்லது பண்றவங்களும் இருக்காங்க, ஆனா டூரிஸ்ட் வர்றப்ப காட்டறதுக்காக குஞ்ச தொட்டில நாள்கணக்கா வச்சிருக்கறது அங்க பழைய பிரச்சினை. தொட்டில இருக்கறப்ப அது சும்மா சுவத்த முட்டி முட்டி நீந்திட்டு இருக்கும், ஒண்ண ஒண்ணு கடிச்சு துடுப்புல புண்ணாகும், நோய் தொத்தும். அப்புறம் பட்டப்பகல்ல விட்டா மேல பறவை, கீழ மீனு.

உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. பொரிஞ்சு எத்தன மணி நேரத்துல விடறீங்க? எந்நேரத்துல விடறீங்க? "நீங்க எப்ப வர்றீங்களோ அப்ப"னு பதில் வந்தா வண்டிய எடுங்க. இன்னும் கொஞ்சம் தெக்கால, தங்காலைக்கு அங்கிட்டு ரேகவனு ஒரு கரை இருக்கு, அங்க முட்டைய எடுக்கறதில்ல, இருந்த இடத்துலயே காவல் காக்கறாங்க, ராத்திரி தாய் ஆமை வந்தா தள்ளி நின்னு பாக்கலாம். வரலைனா வெறுங்கையோட திரும்பணும். நான் இதத் தான் சொல்வேன், உங்க வீட்ல செல்ஃபி வேணும்னா ஒத்துக்க மாட்டாங்க.

கேள்வி: காலேஜ் ஃபைனல் இயர். சென்னையில ஆமை நடைனு ராத்திரி நடக்கறாங்களே, எப்படி சேரலாம்? என்ன கொண்டு வரணும்?
– தாம்பரம் வாசகர்

பதில்: ஜனவரிலேருந்து மார்ச்சு கடைசி வரைக்கும் மாணவர் அமைப்பு வாலண்டியருங்க தினமும் ராத்திரி நடப்பாங்க, பொதுமக்கள வார இறுதில கூட்டிட்டுப் போவாங்க. நீலாங்கரையிலேருந்து பெசன்ட் நகர் வரைக்கும், சுமார் ஏழு கிலோமீட்டர், நடுராத்திரிக்கு முன்னப்பின்ன ஆரம்பிச்சு முடிக்க விடிகாலை ஆயிடும். மணல்ல ஏழு கிலோமீட்டர், ரோட்ல நடக்கற மாதிரி இருக்காது, மூணாவது கிலோமீட்டர்ல தொடை பேசும்.

டார்ச் வேணாம், போன் ஃப்ளாஷ் வேணவே வேணாம். கடல்லேருந்து ஏறி வர்ற ஆமை வெளிச்சத்தப் பாத்தா முட்டை போடாமலே திரும்பிடும். கண்ணு பத்து நிமிஷத்துல இருட்டுக்கு பழகிடும், அதுக்கப்புறம் ஈர மண்ணுல டிராக்டர் சக்கரம் போன மாதிரி அகலமா ஒரு தடம் ஏறிப் போறது உங்களுக்கே தெரியும். அடர்ந்த கலர் டிரஸ், பழைய செருப்பு, தண்ணி பாட்டில். செருப்ப கையில தூக்கிட்டு வெறுங்காலோட நடக்கலாம்னு தோணும், பீர் பாட்டில் உடைஞ்சு கிடக்கற கரை அது, வேணாம். முன்னாடி போற வாலண்டியர தாண்டிப் போகாதீங்க, தடத்த நீங்க மிதிச்சு அழிச்சிட்டா முட்டை எங்கனு தேட அரை மணி நேரம் கூட ஆகும். ஆமை கண்ல படலாம், படாமலும் போகலாம், தடம் மட்டும் பாத்துட்டு திரும்பினவங்க தான் அதிகம்.

குஞ்சு மட்டும் பாக்கணும்னா மார்ச்சு, ஏப்ரல்ல சாயங்காலம் பொழுது சாயற நேரத்துல பெசன்ட் நகர் ஹேச்சரி பக்கம் போங்க, அன்னிக்கு பொரிஞ்சிருந்தா விடுவாங்க, இல்லைனா இல்ல. நடைக்கு முன்னாடியே பேர் குடுக்கணும், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பேர் குடுத்துட்டு தூக்கம் வந்துடுச்சுனு வராம இருந்துடாதீங்க, அந்த இடம் கிடைக்காம இன்னொருத்தர் வீட்ல உக்காந்திருப்பாரு.